கொடிக்காரனின் நெஞ்சை அடைத்தவன் நான்

பேரின்பநாதன் சேர், நீங்கள் பொய் எழுதியிருக்கிறீர்கள்.

இதை மெதுவாகச் சொல்ல எனக்குத் தெரியாது. உங்களுடைய பாராட்டு விழா மலர் போன கிழமை என் கைக்கு வந்தது. அதிலே உங்கள் கட்டுரையும் இருக்கிறது. மெக்சிக்கோவிலிருந்து வந்த சிலையின் நெஞ்சில் இல்லாத துளையொன்று இருக்கிறது என்று ஓர் ஆசிரியை சபையில் அடம்பிடித்ததாகவும், நீங்கள் பொறுமையோடு அவரைத் திருத்தியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பெயர் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. யாழ்ப்பாணத்தில் சித்திரம் படிப்பித்த எல்லோருக்கும் அது பண்டத்தரிப்புச் சிவயோகம் ரீச்சர் என்று தெரியும்.

துளை இருந்தது. அடைத்தவன் நான். அடைத்துவிட்டேன் என்று உங்களுக்குச் சொன்னவனும் நான். பிறகு, துளை இருக்கவேயில்லை என்று கையெழுத்து வைத்தவனும் நான்தான். அதனால் நான் பத்திரிகைக்கு எழுதுகிற இந்தக் கட்டுரையில் உங்களுக்கு மட்டும் ஏச்சு விழும் என்று நினைக்க வேண்டாம்.

நான் முன்பு இருந்த பட்டறையில் இப்போது வேலை செய்கிற பிள்ளைகள் இரண்டு வருடமாக என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். "அண்ணை, நீங்கள் கையாலை செய்த காலத்தைப் பற்றி எழுதித் தாங்கோ" என்று. அவர்களிடம் இப்போது ஒரு மெசின் இருக்கிறது. கணினியில் படத்தைக் கொடுத்தால் பிளாஸ்ரிக்கை உருக்கி நூல் நூலாக அடுக்கி உருவத்தைக் கட்டி எழுப்பிவிடும். நல்ல மெசின். தூசி இல்லை. படத்தில் துளை இருந்தால் துளை விடும். தன்பாட்டில் அடைக்காது. கேட்ட பிள்ளைகளுக்கு நான் நாளை, நாளையின்றைக்கு என்று சொல்லிக் கடத்தினேன். களைப்பு. முப்பது வருடம் பிளாஸ்ரர் தூசி குடித்த நெஞ்சு. கொஞ்ச நேரம் குனிந்து இருந்தால் இருமல் தொடங்கிவிடும். மலரைப் படித்த பிறகு இருமிக்கொண்டே எழுதுகிறேன்.

என் பெயர் மரியதாஸ். குருநகர். தகப்பன் கடலுக்குப் போனவர். எனக்குக் கடல் ஒத்துவரவில்லை. படகில் ஏறினால் சத்தி எடுப்பேன். மாதா கோயிலுக்குப் பின்னால் புனிதர்களின் சுருவங்கள் திருத்துகிற கொட்டிலில் கொண்டுபோய் விட்டார்கள். பிளாஸ்ரர் கரைக்கவும், அச்செடுக்கவும், விரல் போன புனிதருக்கு விரல் வைக்கவும் அங்கே பழகினேன். சண்டைக் காலத்தில் தலையில்லாத சுருவங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார்கள். தலைகளும் வைத்தேன். பழகிய காலம் அவ்வளவுதான். அதில் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: அந்தக் கொட்டிலில் துளை என்றால் பிழை. பிளாஸ்ரர் ஊற்றும்போது காற்றுச் சிக்கினால் குமிழ் நின்று துளை விழும். துளையோடு ஒரு சுருவத்தை வெளியே விட்டால் முதுகில் அடி விழும். கண்ட இடத்தில் அடைக்க வேண்டும். யோசித்து அடைப்பதில்லை, சொறிவது போலக் கை தானாகப் போகும்.

பிறகு, பாடசாலைகளுக்கு மாதிரி உருக்கள் செய்து கொடுக்கிற கல்வித் திணைக்களப் பட்டறையில் தற்காலிக ஊழியனாகச் சேர்ந்தேன். எரிமலை, பல், சிறுநீரகம், நாலு அறை இதயம். பதினாலு வருடம் தற்காலிகம். என்னோடு தங்கவடிவேல் அண்ணை இருந்தார். வல்வெட்டித்துறை ஆள், தச்சர். அவருடைய ஆட்கள் வள்ளம் கட்டினவர்கள். அவர் எங்களுக்குப் பெட்டியும் பீடமும் அடித்தார். பொல்லாத வாய். நான் எரிமலைக்குச் சிவப்புப் பூசினால், "மாப்பிளை எத்தினை மணிக்கு வாறார்?" என்று கேட்பார்.

எங்களுக்கு மேலே அதிகாரியாக நீங்கள்.

சேர், உங்களை நான் பதினெட்டு வருடம் பார்த்திருக்கிறேன். நீங்கள் ஒரு நாளும் பட்டறைக்குள் வந்ததில்லை. வாசற்படியில் நிற்பீர்கள். கறுப்புச் சப்பாத்தில் வெள்ளைத் தூசி படக்கூடாது. லேஞ்சியை நாலாக மடித்து மூக்கில் வைத்துக்கொண்டு, அதற்குப் பின்னாலிருந்து கதைப்பீர்கள். சத்தம் போட்டதில்லை. ஒருவரையும் நாய், பேய் என்று ஏசியதில்லை. "செய்" என்றும் சொன்னதில்லை. "அப்பிடிச் செய்தால் நல்லாயிருக்கும் எண்டு ஒரு எண்ணம், தம்பி" என்பீர்கள். வேலை சரி வந்தால் அது உங்கள் கட்டளை. பிழைத்தால் அது தம்பியின் எண்ணம். குறிப்பு எழுதினால் பென்சிலால் எழுதுவீர்கள். பேனையால் எழுத வேண்டியதை எழுதுவினைஞரைக் கொண்டு எழுதுவிப்பீர்கள். என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அலுவலக வாகனத்தைத் தந்தீர்கள். அதையும் எழுதிவிடுகிறேன். நன்றி மறக்கவில்லை. அந்த நன்றியும் சேர்ந்துதான் என் வாயை இவ்வளவு காலம் கட்டிப்போட்டது.

சண்டை முடிந்து சில வருடங்களில் ஒரு பெட்டி வந்தது. உலக நாகரிகங்கள் என்று ஒரு காட்சி அறை திறப்பதாக இருந்தார்கள். வெளிநாட்டு நூதனசாலை ஒன்று கொழும்பு வழியாக ஒரு சிலையின் பிரதியை அன்பளிப்புச் செய்திருந்தது. அதிலிருந்து நாங்கள் பிளாஸ்ரரில் நாலு பிரதி எடுத்து நாலு கல்வி வலயங்களுக்கும் கொடுக்க வேண்டும். பெட்டியை நானும் அண்ணையும் உடைத்தோம். மேலே கிடந்த கடதாசிகளை நீங்கள் வாசலில் நின்று கையை நீட்டி வாங்கிக்கொண்டீர்கள். வைக்கோல் மட்டும் எங்களுக்கு வந்தது.

உள்ளே ஒரு மனிதன் நின்றான். முழங்காலுக்குச் சற்று மேலான உயரம். பைபரில் வார்த்து, கருங்கல்லுப் போல நிறம் கொடுத்திருந்தார்கள். சாமி போல இல்லை. கிரீடம் இல்லை, மாலை இல்லை. இடுப்பில் ஒரு துணி. முகம் அலுத்துப்போன கூலியாளின் முகம். ஒரு கை நெஞ்சுக்கு முன்னால் விரல் வளைந்து நின்றது. வளைவுக்குள் ஒரு வட்டத் துளை. நெஞ்சின் நடுவில் இன்னொரு துளை, பெருவிரல் முதல் மூட்டு வரை போகும்.

"மெஷிக்கா கொடிக்காரன் எண்டு போட்டிருக்கு" என்று நீங்கள் லேஞ்சிக்குப் பின்னாலிருந்து வாசித்தீர்கள். "திறப்பு விழாவுக்கு இன்னும் மூண்டு கிழமைதான். கெதியாய் முடிஞ்சால் நல்லம்." அதோடு போய்விட்டீர்கள்.

நான் நெஞ்சுத் துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன்.

"அண்ணை, உதென்ன ஓட்டை?"

"பெட்டிக்குள்ளை ஆடாமல் ஆணி போட்டிருப்பாங்கள்" என்றார் தங்கவடிவேல் அண்ணை.

"கையிலையும் ஒண்டு கிடக்கு."

"அது கொடிக்கம்பு செருகிறதுக்கு. உங்கடை பெருநாளிலை கொடி பிடிக்கிறேல்லையே? நெஞ்சிலை என்ன கொடி நடுறது? அடை, அடை. உனக்கு இப்பவே கை கடிக்குது, எனக்குத் தெரியும்."

அவர் சொன்னது சரி. கை கடித்தது, அரிப்பெடுத்தது போல. வள்ளம் கட்டின வீட்டு மகனும், பைபர் படகு ஓட்டின வீட்டு மகனும் பைபரில் துளையொன்றைக் கண்டால் வேறு என்ன செய்வார்கள்? எங்கள் கரையில் யாரையும் கேட்டுப் பாருங்கள்.

அச்செடுக்கிற விதத்தை எழுதுகிறேன். பிள்ளைகள் கேட்டதும் அதைத்தான். முதலில் மூலத்துக்கு, அதாவது பெட்டியில் வந்த சிலைக்கு, சவர்க்காரக் கரைசல் பூச வேண்டும், மூன்று தரம். பிறகு களிமண்ணால் பாதியளவு கரை கட்டி, எந்தக் கோட்டில் அச்சு இரண்டாகப் பிரியும் என்று தீர்மானிக்க வேண்டும். றப்பர்ப் பாலைத் தூரிகையால் பூசி, காய விட்டு, திரும்பப் பூச வேண்டும். பத்துப் பன்னிரண்டு பூச்சு. நடுவில் அவசரப்பட்டால் உரிக்கும்போது கிழியும். அதற்கு மேல் பிளாஸ்ரரும் தும்பும் சேர்த்து ஓடு கட்ட வேண்டும். றப்பருக்கு ஒரு குணம்: ஆழமான துளைக்குள் போனால் அங்கே பூட்டிக்கொள்ளும், இழுத்தால் அறும். அதனால் தேவையில்லாத துளைகளை முதலே களிமண் வைத்து மூடி மட்டப்படுத்துவது வழக்கம். கைத்துளையை விட்டேன், அது ஊடுருவிப் போகிற துளை, ஒரு தடி செருகிச் சமாளிக்கலாம். நெஞ்சுத் துளைக்குக் களிமண் வைத்தேன். எதற்கு என்று தெரிந்த துளையை விட்டேன். எதற்கு என்று தெரியாத துளையை மூடினேன். என் தொழிலில் நான் செய்த பெரிய பிழை இந்த இரண்டு வசனம்தான்.

பிளாஸ்ரரைத் தண்ணீரில் தூவ வேண்டும். தண்ணீரைப் பிளாஸ்ரரில் ஊற்றக்கூடாது. அது தானாக ஊறி அமர்ந்த பிறகு, கையை அடியில் விட்டு, மேற்பரப்பு கலங்காமல் கலக்க வேண்டும். ஊற்றிய பிறகு அச்சைத் தட்டித் தட்டிக் காற்றை மேலே எடுக்க வேண்டும். நாலு பிரதியும் நாலு முட்டை போல வந்தன. ஒரு குமிழ் இல்லை.

அப்போதுதான் எனக்கு இன்னொரு யோசனை வந்தது. மூலத்தில் துளை இருந்து பிரதிகளில் இல்லாவிட்டால் யாராவது கேட்பார்கள். மூலத்தையும் சரிப்படுத்திவிட்டால் ஐந்தும் ஒன்று போல இருக்கும். பிளாஸ்ரரோடு கொஞ்சம் பசை கலந்து மூலத்தின் நெஞ்சை அடைத்தேன். காய்ந்ததும் தேய்த்தேன். தேயிலைச் சாயமும் விளக்குக் கரியும் கலந்து நிறம் கொடுத்தேன். நானே திரும்பிப் பார்த்தால் இடம் பிடிபடவில்லை. அவ்வளவு நல்ல வேலை.

நீங்கள் வாசலுக்கு வந்தபோது சொன்னேன். "சேர், நெஞ்சிலை ஒரு ஓட்டை இருந்தது. வழியிலை அடிபட்டிருக்கும் போலை. அடைச்சுப்போட்டன்."

கழுத்தை நீட்டிப் பார்த்தீர்கள். "தெரியேல்லையே."

"தெரியாது சேர். சாயம் போட்டு எடுத்தனான்."

"நல்லது தம்பி."

அன்று பின்னேரம் பெற்றுக்கொண்ட படிவம் நிரப்பப்பட்டது. சேதம் எதுவும் இல்லாமல் கிடைத்தது, மாற்றம் எதுவும் இல்லாமல் பிரதி எடுக்கப்பட்டது. எழுத்து எழுதுவினைஞருடையது, கையெழுத்து உங்களுடையது. அன்று நீங்கள் கடதாசிகளைப் படித்திருக்கவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். அந்த அளவு சலுகை தருகிறேன்.

காட்சி அறை திறந்த மறுகிழமை சித்திர ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு. நாற்பது பேர் வரை இருந்தார்கள். மாதிரிப் பாடம் நடத்தச் சிவயோகம் ரீச்சரைத் தெரிவு செய்திருந்தார்கள். ஆசிரிய ஆலோசகர் பதவி அவருக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். கடிதம் வருவது மட்டும்தான் மிச்சம். நானும் அண்ணையும் மூலச் சிலையைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய் மேசையில் ஏற்றிவிட்டுப் பின்வாசலில் நின்றோம். திரும்ப இறக்க வேண்டுமே.

ரீச்சர் மெலிந்த ஆள். குரல் மட்டும் பெரிது. சிலையை அவர் அன்றுதான் முதன்முதல் பார்க்கிறார். ஆனால் அவனைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, அவனோடு மூன்று கிழமை படுத்தெழும்பின எனக்குத் தெரியாது.

"அஸ்ரெக் எண்டு நாங்கள் புத்தகத்திலை படிக்கிற சனம், தங்களை மெஷிக்கா எண்டுதான் சொன்னது" என்று தொடங்கினார். "அவையின்ரை கதை ஒண்டு. பாம்பு மலையிலை ஒரு தாய் கோயில் வாசலைக் கூட்டிக்கொண்டு நிக்கிறா. மேலையிருந்து ஒரு இறகுப் பந்து விழுகுது. எடுத்து இடுப்பிலை செருகிறா. வயித்திலை பிள்ளை தங்கியிட்டுது. மூத்த மகளுக்கும் நானூறு பொடியளுக்கும் வெக்கம், கோவம். தாயைக் கொல்ல மலையேறி வருகினம். வந்து சேரேக்கை வயித்துப் பிள்ளை ஆயுதத்தோடை பிறந்திட்டுது. தமக்கையை வெட்டித் துண்டு துண்டாய் மலையிலையிருந்து உருட்டி விட்டுது. தமையன்மாரைக் கலைச்சுக் கலைச்சு வெட்டிச்சுது. அந்தப் பிள்ளைதான் அவையின்ரை போர்த் தெய்வம்."

"காணி பிரிக்கிற சண்டையே, ரீச்சர்?" என்று ஒருவர் கேட்டார். சிரித்தார்கள். ரீச்சரும் சிரித்தார்.

"அதைவிடப் பெரிசு. இந்தக் கொடிக்காரர் அந்தத் தமையன்மார்தான் எண்டு ஆராய்ச்சிக்காரர் சிலர் சொல்லினம். அவையின்ரை பெரிய கோயிலிலை, பழைய படிக்கட்டிலை சாத்தி வைச்சபடி கண்டெடுத்தவை. பழைய கோயிலுக்கு மேலை பெரிசாய்ப் புதுக்கோயில் கட்டேக்கை இவையளை உள்ளுக்கை வைச்சு மூடியிட்டினம். ஆரும் பாக்கிறதுக்கில்லை. மண்ணுக்குள்ளை நிண்டு கொடி பிடிக்கிறதுக்கு."

பிறகு சேலைத் தலைப்பில் முடிந்திருந்த ஒன்றை அவிழ்த்தார். பச்சைக் கல். எங்கே எடுத்தாரோ தெரியாது. புறா முட்டை அளவு, நன்றாக மினுக்கியிருந்தது.

"இனி முக்கியமான விசயம். நாங்கள் செதுக்கி முடிச்சால் சிலை முடிஞ்சுது எண்டு நினைக்கிறம். அவைக்கு முடியேல்லை. நெஞ்சிலை ஒரு குழி விட்டு, அதுக்குள்ளை பச்சைக் கல்லு வைச்சால்தான் அது இருதயம். அதுக்குப் பிறகுதான் கல்லு உயிர். பெரிய ஆக்கள் செத்தால் வாயுக்குள்ளையும் பச்சைக் கல்லு வைச்சவை, இருதயமாய் இருக்கட்டும் எண்டு. ஆளுக்கும் அதுதான், கல்லுக்கும் அதுதான். இப்ப பாருங்கோ."

கல்லைக் கொண்டுபோய் நெஞ்சில் வைத்தார். அது வழுக்கியது.

திரும்ப வைத்தார். விரலால் தடவினார். கீழே தடவினார். சிலையைச் சுற்றிப்போய் முதுகையும் பார்த்தார். என்னுடைய வேலை அவருடைய விரலுக்குக் கீழே இருக்கிறது. அவ்வளவு நல்ல வேலை, அவருக்குப் பிடிபடவில்லை.

"இதிலை குழி இருக்க வேணும்" என்றார்.

"வாயுக்குள்ளை வைச்சுப் பாருங்கோ ரீச்சர்" என்றது ஒரு குரல்.

"ஒப்பரேசன் செய்து மூடிப்போட்டினமாக்கும்" என்றது இன்னொன்று.

நாற்பது பேரும் சிரித்தார்கள். ரீச்சர் கல்லைக் கையில் பொத்திக்கொண்டு நின்றார். முன்வரிசையிலிருந்து நீங்கள் எழும்பி, மெல்லமாக, எல்லோருக்கும் கேட்கச் சொன்னீர்கள்: "பரவாயில்லை ரீச்சர். புத்தகத்திலை இருக்கிறதெல்லாம் பொருளிலை இராது. நாங்கள் பொருளைப் பாத்துத்தான் படிப்பிக்க வேணும்."

தங்கவடிவேல் அண்ணை என் காதுக்குள் சொன்னார்: "மரியதாஸ், உது நீ அடைச்ச ஓட்டையெல்லே?"

"பேசாமல் இருங்கோ அண்ணை."

பட்டறைக்கு வந்த பிறகு அண்ணை ஒரு பெட்டியில் குந்தியிருந்து சொன்னார்: "எங்கடை அம்மன் கோயில் கும்பாபிசேகத்திலை, அம்மனை வைக்கிறதுக்கு முதல் பீடத்துக் குழிக்குள்ளை தகடும் ரத்தினமும் போட்டவையடா. நான் பக்கத்திலை நிண்டு பாத்தனான். பாத்த நான்தான் உனக்கு அடை எண்டனான்."

நானும் ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கோயில் பழைய பீடக் கல்லில் ஒரு சின்னக் குழி. அதற்குள் ஒரு புனிதரின் எலும்புத் துண்டு வைத்து மூடியிருக்கும். பூசை அதற்கு மேலேதான் நடக்கும். அந்தக் கல்லை நான் இரண்டு தரம் தூக்கித் துடைத்திருக்கிறேன். அந்தக் குழியை ஓட்டை என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. எங்களுடைய கல்லுக்குள் வைத்தால் பரிசுத்தம். வேறு சனத்தின் கல்லில் இருந்தால் வார்ப்புப் பிழை.

அடுத்த நாள் காலை உங்கள் அறைக்கு வந்தேன். "சேர், ரீச்சர் சொன்னது சரி. அந்த ஓட்டையைத்தான் நான் அடைச்சனான். அரை மணித்தியாலத்திலை திறந்து விடலாம்."

நீங்கள் சன்னலைப் பார்த்தீர்கள். "எல்லாத்துக்கும் ஒரு நேரம் இருக்குத் தம்பி. இப்ப திறந்தால், வந்த சாமானைச் சேதப்படுத்தினது ஆர் எண்டு கேட்பினம். பேசாமல் விட்டால் நல்லம் எண்டு ஒரு எண்ணம்."

ரீச்சர் பேசாமல் விடவில்லை. கடிதம் எழுதினார். பிரதி மூலத்துக்கு மாறாக இருக்கலாம், சிலையோடு வந்த கடதாசிகளைப் பார்க்கத் தாருங்கள் என்று மரியாதையாகக் கேட்டிருந்தார். விசாரணை வைத்தார்கள். விசாரணைக்கு முதல் நாள் என்னைக் கூப்பிட்டீர்கள். அதை நான் வரி வரியாக எழுதப்போகிறேன், ஏனென்றால் அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

மேசையில் இரண்டு கடதாசி இருந்தது. ஒன்று, என் நிரந்தர நியமனம் பற்றிய சிபாரிசு. மற்றது, என் பெயரில் தட்டச்சுச் செய்த வாக்குமூலம்: பிரதி எடுக்கும்போது மூலத்தில் துளை எதுவும் இருக்கவில்லை, நான் எந்த மாற்றமும் செய்யவில்லை. இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தீர்கள், அவ்வளவுதான். பிறகு பேனை தேடி மேசை லாச்சியைத் திறந்தீர்கள். உள்ளே பெட்டியோடு வந்த கடதாசிகள் கிடந்தன. மேலே கிடந்ததில் அந்த மனிதனின் படம், கோட்டுப் படம். நெஞ்சில் ஒரு வட்டம். வட்டத்திலிருந்து ஒரு அம்புக்குறி. அதன் முனையில் ஏதோ எழுதியிருந்தது. எனக்கு அந்தப் பாசை தெரியாது. அம்புக்குறி தெரியும்.

நான் பார்த்ததை நீங்கள் பார்த்தீர்கள். லாச்சியை மூடினீர்கள். "வாசிச்சுப் பாத்துப் போடுங்கோ தம்பி" என்றீர்கள். பதினெட்டு வருடத்தில் ஒரே ஒரு தரம் என்னை "போடுங்கோ" என்று பன்மையில் சொன்னது அன்றுதான்.

போட்டேன். இரண்டு பிள்ளைகள், பதினாலு வருடத் தற்காலிகம் என்று காரணம் சொல்லலாம். சொல்லமாட்டேன். ஒரே இழுப்பில் போட்டேன். நியமனம் அடுத்த மாதம் வந்தது. இன்று நான் சாப்பிடுகிற சோறு அந்தக் கையெழுத்துத்தான்.

விசாரணையில் ரீச்சர் என்னை ஒரு கேள்விதான் கேட்டார். "தம்பி, நீங்கள்தானே அச்செடுத்தது. உங்கடை விரலுக்குத் தெரியாமல் இராது. இருந்ததோ, இல்லையோ?"

"இல்லை ரீச்சர்."

அவர் என்னை வெறுப்போடு பார்க்கவில்லை. தன்னைத்தான் சந்தேகிப்பது போலப் பார்த்தார். அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

அதிகாரிகள் மேல் ஆதாரமில்லாத குற்றச்சாட்டு என்று அவருடைய சேவைக் கோவையில் எழுதப்பட்டது. ஆலோசகர் பதவி வேறொருவருக்குப் போனது. அவரைத் தீவுப் பக்கம் மாற்றினார்கள். விடிய எழும்பி பஸ், பிறகு படகு, பிறகு நடை. அந்தப் பாடசாலையில் சித்திரத்துக்குப் பிள்ளைகள் இல்லை என்று சுகாதாரம் படிப்பிக்க விட்டார்கள். ஓய்வு பெறும்வரை சுகாதாரம். சித்திர ஆசிரியர்கள் கூடுகிற இடத்தில் யாராவது கற்பனையாக ஏதும் சொன்னால், "பச்சைக் கல்லு வைக்கிறாய்" என்று பகிடி விடுவார்களாம். அது எனக்கு அண்ணை சொல்லித்தான் தெரியும்.

நான் ஓய்வு பெற்ற பிறகு, போன வருடம், பண்டத்தரிப்புக்குப் போனேன். தங்கவடிவேல் அண்ணை செத்து ஒரு மாதம். சாகும் முன், "எனக்குப் பதிலாயும் நீதான் சொல்ல வேணும்" என்று சொல்லியிருந்தார். ரீச்சர் வெங்காயத் தறைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார். அவருக்கு என்னை உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. கதிரை போட்டார். நான் இருக்காமல் நின்றபடி முழுவதும் சொன்னேன். களிமண், தேயிலைச் சாயம், அம்புக்குறி, எல்லாம்.

குழாயை மூடிவிட்டு வந்தார்.

"அப்ப இருந்தது."

"ஓம் ரீச்சர்."

"நான் பிழையாய் வாசிச்சுப்போட்டன் எண்டு எத்தினை புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்தனான் தெரியுமே? கடைசியிலை புத்தகங்களையே தூக்கிக் கட்டிப்போட்டன்."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ ரீச்சர்."

"உம்மடை மன்னிப்பை வைச்சு நான் என்ன செய்யிறது?" சத்தம் போடவில்லை. களைத்துப்போய்த்தான் கேட்டார். "உமக்குப் பாரம் குறையும். எனக்கு? சிரிச்சது நாப்பது பேர். நீர் வந்து இந்த வெங்காயத் தறையிலை சொல்லுறீர். அவைக்குச் சொல்லும்."

தேத்தண்ணீர் தந்தார். குடித்துவிட்டு வந்தேன். வந்து ஒரு வருடம் ஒன்றும் செய்யவில்லை. அதற்கும் பெயர் களைப்புத்தான் என்று எனக்கு நானே சொன்னேன். பிறகு உங்கள் மலர் வந்தது. ஆறாவது தரமாக நீங்கள் அதை அடைத்திருக்கிறீர்கள் சேர். நாலு பிரதியும் மூலமுமாக முதல் ஐந்தை நான் அடைத்தேன்.

ஆகவே கேட்கிறேன். எனக்குத் தனிக் கடிதம் வேண்டாம். தொலைபேசியும் வேண்டாம், எடுக்கமாட்டேன். யாரையாவது தூது விட்டு, "வயது போன காலத்திலை ஏன் தம்பி" என்று சொல்லவும் வேண்டாம்.

மூலச் சிலை இன்னும் அந்தக் காட்சி அறைக் கண்ணாடி அலுமாரிக்குள் நிற்கிறது. உடம்பு பைபர். நெஞ்சில் ஒரு பெருவிரல் அளவுக்குப் பிளாஸ்ரர். மேல் நிறத்தைச் சுரண்டிவிட்டு ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். பைபரில் விட்டால் உருண்டு ஓடும். பிளாஸ்ரரில் விட்டால் உறிஞ்சும். சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். அன்று சிரித்தவர்களில் இருக்கிறவர்களைக் கூப்பிடுங்கள். சிவயோகம் ரீச்சரை முன்வரிசையில் இருத்துங்கள். நான் வருகிறேன், என் கையாலேயே திறந்து விடுகிறேன். பொய் வாக்குமூலத்துக்கு எனக்கு என்ன தண்டனை தந்தாலும் ஏற்கிறேன். ஓய்வூதியத்தைப் பறித்தாலும் பறிக்கட்டும்.

அதுவரைக்கும், இதை வாசித்த எல்லோரும் வாசிக்கும்படி, இதே பத்திரிகையில், பேனையால் எழுதி, உங்கள் சொந்தக் கையெழுத்துப் போட்டுப் பதில் சொல்லுங்கள் சேர்: சிவயோகம் ரீச்சர் சொன்னது சரி என்று உங்களுக்கு எந்த நாளிலிருந்து தெரியும்?